மூளைநீர்ப் புராணம்

எல்லாக் குழப்பமும் ஒரு மாட்டுத் தலையில் ஆரம்பித்தது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, ரோமாபுரி. கேலன் என்றொரு கிரேக்க வைத்தியர். பெர்கமம் ஊரில் கிளாடியேட்டர்களின் காயங்களைத் தைத்துத் தைத்தே தொழில் பழகியவர். பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் வரைக்கும் வைத்தியம் பார்த்தவர். தன் காலத்தில் தன்னைவிடக் கெட்டிக்கார வைத்தியர் கிடையாது என்று எழுத ஒருநாளும் அலுக்காதவர். மனிதப் பிணத்தை அறுக்க அந்த ஊரில் வழியில்லை. அதற்காக ஓய்ந்து உட்காருகிற ஆசாமியா? மாடு, பன்றி, குரங்கு என்று கிடைத்ததையெல்லாம் அறுத்தார். அறுத்துப் பார்த்ததையெல்லாம் மனிதன் தலையில் கட்டினார்.

மூளைக்குள் அறைகள் இருக்கின்றன என்று சரியாகவே கண்டுகொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் சறுக்கல். மூளையின் அடியில் 'அற்புத வலை' என்று ஒரு ரத்தக்குழாய்ப் பின்னல் இருக்கிறதாம். அங்கே உயிராவி புடம்போடப்பட்டு மூளையாவி ஆகிறதாம். அது அறைகளில் தங்கி, நரம்பு வழியே போய்க் கையையும் காலையும் ஆட்டுகிறதாம். புடம்போட்டதில் மிஞ்சும் கசடு சளியாக இறங்கி மூக்கில் ஒழுகிவிடுமாம். அற்புத வலை மாட்டுக்கு உண்டு, மனிதனுக்குக் கிடையாது. இந்தச் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்க ஐரோப்பாவுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் பிடித்தது.

சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை. ஜலதோஷம் வந்தால் "தலையில நீர் கோத்துக்கிச்சு" என்று நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுகிற ஊர் இது. கேலன் இங்கே கிளினிக் திறந்திருந்தால் காலை ஐந்து மணிக்கே டோக்கன் தீர்ந்திருக்கும்.

உண்மையில் தலையில் நீர் கோத்துத்தான் இருக்கிறது. எல்லோருக்கும், எந்நேரமும். ஏறத்தாழ 1400 கிராம் எடையுள்ள மூளை, அந்த நீரில் மிதப்பதால் 50 கிராம் போலத்தான் கனக்கிறது. பாடப்புத்தகத்தில் மூளைத் தண்டுவடத் திரவம், ஆஸ்பத்திரியில் சி.எஸ்.எஃப். இங்கே மூளைநீர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தக் கையிருப்பு 150 மில்லிலிட்டர், ஒரு நாள் சுரப்பு அரை லிட்டர். பழையது வடிந்துகொண்டே இருக்கவேண்டும் என்பது கணக்கிலேயே தெரிகிறது. மூளை அறைகளில் சுரந்து, சில்வியஸ் கால்வாய் என்ற ஒன்றரை சென்டிமீட்டர் நீளச் சந்து வழியாக நாலாவது அறைக்கு இறங்கி, வெளியே வந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றிவிட்டு ரத்தத்தில் கலக்கிறது என்பது பள்ளிப்பாடம்.

வழியில் ஒரு கட்டி வளர்ந்து உட்கார்ந்துகொண்டால்? சுரப்பு நிற்காது, வடிகால் நின்றுவிடும். அறைகள் வீங்கும். காலையில் எழும்போதே தலைவலி, வாந்தி, பார்வை மங்கல். குழந்தைகளுக்கு நாலாவது அறையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா, கால்வாயின் மேல்வாசலை நெரிக்கும் பீனியல் கட்டி, மூன்றாவது அறையின் வாசலில் உருளும் கொலாய்டு நீர்க்கட்டி எல்லாம் இந்த வேலையைச் செய்யும். கடைசியாகச் சொன்னது புற்றே இல்லை. ஆனாலும் நிற்கிற இடம் அப்படி, சுண்டைக்காய் அளவிலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே மூளைக்கட்டி வந்தவரைப் பார்க்கும் டாக்டருக்கு இரண்டு கேள்விகள்: கட்டி எங்கே? நீர் போகிறதா? இரண்டாவதற்கு, உயிரோடு இருக்கிற ஆளிடம், ஒரு சொட்டு நீரையும் தொந்தரவு செய்யாமல் பதில் வாங்க 1980கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை நடந்தது கூத்து.

நாலாம் நூற்றாண்டின் கடைசியில் சிரியாவின் எமெசா ஊர் பிஷப் நெமேசியஸ், காலியாகக் கிடந்த மூளை அறைகளைக் குடிவைத்தார். முன்பக்கம் புலன்களும் கற்பனையும், நடுவில் அறிவு, பின்கட்டில் ஞாபகம். சுற்றியிருக்கிற அத்தனை மூளையும் அவர் கணக்கில் சுவர்தான். இந்த ஏற்பாடு ஆயிரம் வருஷம் செல்லுபடியானது.

1508 வாக்கில் லியனார்டோ டா வின்சி வந்தார். மறுபடியும் மாடு. மாட்டு மூளையின் அறைகளுக்குள் ஊசிக்குழலால் உருக்கிய மெழுகைச் செலுத்தினார். காற்று வெளியேற மெல்லிய குழாய்கள் வைத்தார். மெழுகு உறைந்ததும் மூளையை அகற்றிவிட்டு அறைகளின் அச்சை அப்படியே எடுத்தார். அதற்கு முன் யாருக்கும் தோன்றாத யோசனை, அபாரமான கைத்திறன். எடுத்த அச்சை அழகாக வரைந்து, ஒவ்வொரு அறைக்கும் பக்கத்தில் ஞாபகம், பொதுப்புலன் என்று பழைய வாடகைதாரர்களின் பெயரையே எழுதிவைத்தார். மோனாலிசாவை வரைந்தவரே பாடப்புத்தகத்துக்குப் பயந்திருக்கிறார் என்றால் மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வெசேலியஸ் பயப்படவில்லை, ஆனால் கொஞ்சம் தாமதம். 1543-இல் அச்சான தன் பெரும்புத்தகத்தில் மனிதனுக்கு அற்புத வலை இல்லை என்று போட்டு உடைத்தார். கூடவே ஒரு வாக்குமூலமும் தந்தார்: முன்பெல்லாம் சபையில் மனிதத் தலையை அறுக்கும்போது பக்கத்திலேயே ஆட்டுத் தலையோ மாட்டுத் தலையோ ஒன்றை வைத்துக்கொண்டு, அற்புத வலையை அதில் காட்டிச் சமாளித்தாராம். மேஜிக் ஷோக்காரர்கள் இப்படியெல்லாம் புத்தகத்தில் எழுதிவைக்க மாட்டார்கள்.

பாரிஸில் இருந்த அவருடைய பழைய வாத்தியார் ஜாக்கோபஸ் சில்வியஸுக்கு ரத்தம் கொதித்தது. கேலன் தப்பு செய்யமாட்டார். பிணத்தில் வேறு மாதிரி இருக்கிறதா? அப்படியானால் கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டது என்றார். சும்மா கோபத்தில் சொல்லவில்லை, ஆய்ந்து சொன்னார். 1551-இல் ஒரு கண்டன நூலும் எழுதினார். அதன் தலைப்பிலேயே வெசேலியஸ் என்ற பெயரைக் கொஞ்சம் திருகிப் பைத்தியக்காரன் ஆக்கினார். நம் கால்வாய் இந்தச் சில்வியஸின் பெயரில் இல்லை என்பது ஆறுதல். அது அடுத்த நூற்றாண்டில் லைடன் நகரில் இருந்த வேறொரு சில்வியஸ்.

சளி விவகாரம் தீர இன்னும் நூறு வருஷம். 1660களில் விட்டன்பர்க் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர் பல பாகங்கள் கொண்ட பெரும் நூல் ஒன்றை எழுதி, சளி மூளையிலிருந்து வருவதில்லை, மூக்கிலேயே உண்டாகிறது என்று நிலைநாட்டினார். மூக்குச்சளி மூக்கில் வருகிறது என்பதற்குப் பல பாகங்கள்! படித்தவர்களை நம்பவைப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

சரி, சளி இல்லை, ஆவியும் இல்லை. அப்படியானால் அந்த அறைகளில் என்னதான் இருக்கிறது? அதைச் சொல்லவேண்டிய முதல் ஆள் தவறான ஆளாகப் போய்விட்டார். ஸ்வீடனின் எமானுவேல் ஸ்வீடன்போரி சுரங்கத்துறை அதிகாரி. 1740களில், மூளையிலும் தண்டுவடத்திலும் ஓர் அரிய சாறு ஓடுகிறது, அது நாலாவது அறையின் கூரைப்பக்கமிருந்து இறங்குகிறது என்று கிட்டத்தட்டச் சரியாகவே எழுதிவைத்தார். கையெழுத்துப் பிரதி அச்சேறும் முன் அவருக்குத் தரிசனங்கள் கிடைக்க ஆரம்பித்தன. மிச்ச ஆயுள் முழுக்க தேவதைகளோடு பேசுவதில் போனது. மூளை பற்றிய தாள்கள் நூறு வருஷத்துக்கு மேல் தூங்கின. சுரங்க ஆபீசர், மருத்துவப் பட்டம் இல்லை, போதாக்குறைக்கு வானுலகத் தொடர்பு. எந்தப் பத்திரிகை ஆசிரியர் போடுவார்?

அடுத்தவர் நேப்பிள்ஸின் டொமெனிக்கோ கொட்டுன்யோ. இந்தப் புராணத்தில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். 1764-இல், 28 வயதில், மற்றவர்கள் ஏன் மூளைநீரைப் பார்க்கவில்லை என்று கண்டுபிடித்தார். காரணம் தத்துவம் அல்ல, பழக்கதோஷம். மூளையை ஆராய வேண்டுமென்றால் பிணத்தின் தலையை முதலில் வெட்டி எடுத்துத் தனியே மேசைமேல் வைப்பது அந்தக் கால அறுவைக்கூட வழக்கம். கழுத்தை வெட்டிய கணமே மூளையைச் சுற்றியிருந்த நீரும் தண்டுவடத்து நீரும் ரத்தத்தோடு தரையில் கொட்டிவிடும். தரையைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் மேதைகள் வந்து மண்டையைத் திறந்து, ஆகா, வெற்றிடம், இங்கேதான் ஆன்மாவின் ஆவி குடியிருந்திருக்கிறது என்பார்கள். ஆன்மா துடைப்பத்தோடு போய்ச் சாக்கடையில் சேர்ந்திருந்தது. கொட்டுன்யோ தலையை வெட்டாமல், உடலை நிமிர்த்தி வைத்து, இடுப்புப் பக்கம் துளைத்தார். நீர் கொட்டியது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

இதை அவர் எந்த நூலில் எழுதினார் என்பதுதான் வேடிக்கை. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் சயாட்டிகா வலியைப் பற்றிய நூலில். மூளையைப் பற்றிப் படிப்பவர் எவரும் அதைப் புரட்டவில்லை. அறுபது வருஷம் போனது.

பிறகு பாரிஸின் ஃபிரான்சுவா மஜாந்தி. உயிரோடு இருக்கும் பிராணிகளை அறுத்து ஆராய்வதில் பேர்போனவர். 1824-இல் லண்டனுக்குப் போய் நாய்களை அறுத்துக் காட்டியதில் அங்கே பார்லிமென்ட் வரை கண்டனம் எழுந்தது. ஆனால் உயிருள்ள பிராணியில் மூளைநீர் இருக்கிறது, அழுத்தத்தோடு இருக்கிறது என்று காட்டியவர் அவர்தான். நீருக்குப் பெயர் வைத்தார். நாலாவது அறையிலிருந்து வெளியே வரும் துவாரத்தைக் கண்டார், இன்றும் அது அவர் பெயரில் இருக்கிறது. எல்லாம் சரி, திசை மட்டும் தப்பு. நீர் மூளைக்கு வெளியே உண்டாகி அந்தத் துவாரம் வழியாக உள்ளே போகிறது என்றார். தன் பெயரைத் தாங்கி நிற்கும் வெளியே போகும் வாசலை, உள்ளே வரும் வாசல் என்று சாதித்த ஒரே ஆள். இந்தத் திசைத் தப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கோடிக்கணக்கில் விலைபோகும் ஓர் இயந்திரம் இதே தப்பைச் செய்யப்போகிறது.

1875-இல் ஸ்டாக்ஹோமில் கேயும் ரெட்சியஸும் நீலச்சாயம் கலந்த ஜெலட்டினைப் பிணங்களுக்குள் செலுத்தி, நீர் எங்கெல்லாம் போய் எங்கே வடிகிறது என்று பிரமாதமான வண்ணப்படங்கள் போட்டார்கள். அதில் ஒரே ஒரு குறை, பிணத்துக்கு இதயம் துடிக்காது. சாயம் போன பாதை, ஊசியை அழுத்தியவரின் கட்டைவிரல் தள்ளிய பாதை. 1891-இல் கீல் நகரின் குயின்கே இடுப்பில் ஊசி போட்டு உயிருள்ளவரிடமிருந்தே நீரை எடுக்கும் முறையைச் சொல்லித் தந்தார். இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் 'முதுகுல தண்ணி எடுக்கணும்' என்று நர்ஸ் சொன்னதும் சொந்தக்காரர்கள் முகம் வெளுப்பது குயின்கேயின் உபயம்.

இனி அமெரிக்கா. அங்கே இரண்டு பேர். ஹார்வி குஷிங், நவீன மூளை அறுவையின் தந்தை. வால்டர் டேண்டி, அந்தத் தந்தையோடு பேச்சுவார்த்தை இல்லாத பிள்ளை. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் குஷிங்கிடம் வேலை பார்த்த டேண்டி, 1912-இல் குஷிங் ஹார்வர்டுக்குப் போகும்போது தன்னையும் கூட்டிப்போவார் என்று நம்பியிருந்தார். கூட்டிப்போகவில்லை. கடைசி நேரத்தில்தான் சேதி தெரிந்தது. பிறகு இருவரும் கடிதத்திலும் கட்டுரையிலும் ஆயுள் முழுக்க முட்டிக்கொண்டார்கள். மூளைநீர் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பாதி இந்த மனஸ்தாபத்தின் வட்டி.

கைவிடப்பட்ட டேண்டி, குழந்தை மருத்துவர் பிளாக்ஃபேனோடு சேர்ந்து நாயின் சில்வியஸ் கால்வாயில் பஞ்சடைத்தார். அறைகள் வீங்கின. அடுத்து, தலையில் நீர் சேர்ந்த குழந்தைகளின் மூளை அறைக்குள் சாயத்தைச் செலுத்தி, இடுப்பில் ஊசி போட்டு சாயம் அங்கே வந்து சேருகிறதா என்று பார்த்தார். வந்தால் வழி திறந்திருக்கிறது, வராவிட்டால் அடைப்பு. மூளைநீர் ஓட்டத்துக்கான முதல் பரிசோதனை என்று இதைத்தான் சொல்லவேண்டும். இவ்வளவு நேரம் இந்தக் கதையில் வந்தவர்களில் நோயாளிக்கு உபயோகமான கேள்வியைக் கேட்டவர் இவர்தான்.

ஆனால் டேண்டிக்கும் ஒரு நாய்க்கதை உண்டு. மூளைநீர் கோராய்டு பின்னல் என்ற ரத்தக்குழாய்க் கொத்தில்தான் சுரக்கிறது என்று நிரூபிக்க, ஒரு பக்கத்துப் பின்னலை எடுத்துவிட்டு, இரு பக்கத்து வாசலையும் அடைத்தார். பின்னல் இருந்த பக்கம் வீங்கியது, இல்லாத பக்கம் சுருங்கியது. எத்தனை நாய்கள்? ஒன்று. ஒரே ஒரு நாய். 1919-இல் வந்த அந்த முடிவு தலைமுறை தலைமுறையாகப் பாடப்புத்தகங்களில் குரைத்துக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷம் கழித்துத் தாமஸ் மில்லொரட் குரங்குகளில் இரு பக்கத்துப் பின்னலையும் எடுத்துப் பார்த்தார், சுரப்பு நிற்கவில்லை. பின்னல் சுரக்கிறது என்பது உண்மைதான். அது மட்டுமே சுரக்கிறது என்பதற்கு அந்த நாய் பொறுப்பேற்க முடியாது.

1918-இல் டேண்டி இன்னொன்று செய்தார். எக்ஸ்ரேயில் மூளையும் தெரியாது, நீரும் தெரியாது, காற்று தெரியும். மண்டையில் துளைபோட்டு மூளை அறையின் நீரை உறிஞ்சிவிட்டு அந்த இடத்தில் காற்றை நிரப்பினார். அறைகள் எக்ஸ்ரேயில் கருப்பாகத் துலங்கின. கட்டி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று அறுப்பதற்கு முன்பே தெரிந்தது. மறுவருஷம் இடுப்பு வழியாகவே காற்றை ஏற்றினார். அதற்கு முன் மூளைக்கட்டி அறுவையில் சரியான இடத்தைத் திறப்பதே பாதி அதிர்ஷ்டம் என்பதால், இதன் அருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குஷிங் இதை ரசிக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் விஷயத்தைக் கவனியுங்கள். தண்ணீர் போகிற வழியைப் பார்க்கத் தண்ணீரை இறைத்துவிட்டார்கள்! உள்ளே போன காற்றுக்குமிழ் ஒவ்வொரு மூலைக்கும் போகவேண்டுமே, அதற்காக நோயாளியை நாற்காலியில் பட்டைகளால் கட்டி, முன்னும் பின்னும் சாய்த்து, சில ஆஸ்பத்திரிகளில் தலைகீழாகவே சுழற்றினார்கள். ஏற்கெனவே தலைவலியும் வாந்தியுமாக வந்தவர், பரிசோதனை முடிந்து பல நாள் அதைவிடப் பெரிய தலைவலியோடும் வாந்தியோடும் கிடப்பார். உலகம் முழுக்க அறுபது வருஷம் மூளை அறுவைக்காரர்களுக்கு இதுதான் முக்கியமான கண். 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைப் பிரிவுகளைத் தொடங்கியது இந்தக் காற்று யுகத்தில்தான்.

அடைப்பை எடுக்க முடியாவிட்டால் மாற்றுவழி வெட்டவேண்டும். அதற்கு மூளை அறைக்குள்ளே எட்டிப் பார்க்க ஒரு குழாய் வேண்டும். உடம்பின் ஓட்டைக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் அனுபவம் அன்று யாருக்கு இருந்தது? மூத்திர டாக்டர்களுக்கு. 1910-இல் சிகாகோவின் சிறுநீரக மருத்துவர் லெஸ்பினாஸ், மூத்திரப்பை பார்க்கும் கருவியைக் குழந்தையின் மூளை அறைக்குள் விட்டுக் கோராய்டு பின்னலைச் சுட்டார். 1923-இல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், மூத்திரக்குழாய் பார்க்கும் கருவியோடு ஒன்பது மாதக் குழந்தையின் மூன்றாவது அறைக்குள் இறங்கி அதன் தரையில் ஒரு துளை போட்டார். அடைபட்ட கால்வாயைச் சுற்றிக்கொண்டு நீர் வெளியே போக ஒரு புறவழிச்சாலை. இன்று எண்டாஸ்கோபி மூலம் மூளைக்கட்டிக்காரர்களுக்குச் செய்வது அதே துளைதான். கருவி மட்டும் இப்போது மூளைக்கென்றே செய்யப்பட்டது, நிம்மதி.

1925-இல் குஷிங் எடின்பரோவில் உரையாற்றி, ரத்தம் ஒன்று, நிணநீர் இரண்டு, மூளைநீர் 'மூன்றாவது சுற்றோட்டம்' என்று பெயர் சூட்டினார். கம்பீரமான பெயர். சுற்றுகிறதா என்று உயிருள்ள மனிதனில் யாரும் பார்த்திருக்கவில்லை. பெயர் அவ்வளவு நன்றாக இருந்ததால் பார்க்கத் தோன்றவும் இல்லை.

1971 அக்டோபர் 1-ஆம் தேதி விம்பிள்டனில் முதல் மூளைக்கட்டி நோயாளி சி.டி. ஸ்கேனுக்குள் போனார். இயந்திரத்தைச் செய்தது பீட்டில்ஸ் பாட்டுக்களை விற்ற அதே ஈ.எம்.ஐ. கம்பெனி. காற்று யுகம் சில வருஷங்களில் ஓய்ந்தது, சுழல் நாற்காலிகள் கிடங்குக்குப் போயின. வீங்கிய அறைகள் சி.டி.யில் பளிச்சென்று தெரிந்தன. நீர் நகர்கிறதா என்று மட்டும் தெரியவில்லை.

எம்.ஆர்.ஐ.யைக் கண்டுபிடித்த கதை தனிப் புராணம். பால் லாட்டர்பர் ஒரு ஹாம்பர்கர் கடையில் யோசனையைப் பிடித்தது, அவர் அனுப்பிய கட்டுரையை நேச்சர் பத்திரிகை முதலில் திருப்பியனுப்பியது, 2003-இல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் போக, விடுபட்ட டமேடியன் முழுப்பக்கச் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்து அழுதது எல்லாம் ஊரறிந்தவை. நமக்கு வேண்டியது அதன் ஒரு குறைபாடு. எம்.ஆர்.ஐ.க்கு நோயாளி அசையக்கூடாது. மூளைநீர் என்ன டாக்டர் சொன்னால் கேட்குமா? அசைந்தது. படத்தில் அது பளிச்சென்று வெள்ளையாக இருக்கவேண்டிய இடங்களில் கருப்பு ஓட்டைகள் விழுந்தன. சில்வியஸ் கால்வாய் கருப்பு. 1980களின் நடுவில் பலர் இதை ஒழிப்பது எப்படி என்று மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, சிலர் மட்டும் கருப்பையே உற்றுப் பார்த்தார்கள். வேகமாக ஓடும் நீர், இயந்திரம் அனுப்பும் ரேடியோ அலையை வாங்கிக்கொண்டு பதில் சொல்வதற்குள் இடத்தைவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆகக் கால்வாய் கருப்பாக இருந்தால் நீர் போகிறது. கட்டிக்குப் பின்னால் அது வெளுத்திருந்தால் சந்தேகப்படு. இரண்டாயிரம் வருஷம் தேடியது, அழிக்க நினைத்த கறையில் இருந்தது.

வேகத்தை அளப்பது அடுத்த படி. அதற்கான அடிப்படை 1950-லேயே எர்வின் ஹான் எழுதியதில் இருந்தது. 1960-இல் அதே ஹான் அதைக் கடல்நீரோட்டம் அளக்கப் பயன்படுத்தலாம் என்றுகூட யோசனை சொன்னார். கடலுக்குப் போகவேண்டியது தலைக்கு வந்தது. சூத்திரம் இவ்வளவுதான்: காந்தப்புலத்தை ஒரு பக்கமாக ஒரு கணம் சாய்த்து, உடனே அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்க்கவேண்டும். நீரில் நின்ற இடத்தில் நிற்கும் ஹைட்ரஜனுக்கு வரவும் செலவும் நேராகிவிடும். நகர்ந்துவிட்ட ஹைட்ரஜனுக்குக் கணக்கு இடிக்கும். எவ்வளவு இடிக்கிறதோ அவ்வளவு வேகம், எந்தப் பக்கம் இடிக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம். விரலில் ஒரு கிளிப் மாட்டி நாடித்துடிப்போடு சேர்த்து எடுத்தால், ஒரு துடிப்புக்குள் நடப்பதைச் சினிமாவாக ஓட்டலாம். ஒரு திசை வெள்ளை, எதிர்த்திசை கருப்பு, நிற்பது சாம்பல். ஊசி இல்லை, சாயம் இல்லை, சுழல் நாற்காலி இல்லை.

மஜாந்தியின் தப்பு இங்கேதான் திரும்பி வருகிறது. எந்த வேகம் வரை அளக்கலாம் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே ஓர் உச்சவரம்பு சொல்லவேண்டும். டெக்னீஷியன் வினாடிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்துவிட்டு, நீர் 7-இல் ஓடினால், இயந்திரம் தெரியவில்லை என்று சொல்லாது. எதிர்த்திசையில் 3 என்று கூசாமல் சொல்லும். பாரிஸில் உயிர்ப்பிராணிகளை அறுத்துப் பெற்ற தப்பை இப்போது ஒரு பொத்தானில் பெறலாம்.

சரியாக வைத்து எடுத்த சினிமாவில் என்ன தெரிந்தது? நதியைத் தேடிப் போனவர்களுக்கு ஊஞ்சல் கிடைத்தது. இதயம் துடிக்கும்போது மண்டைக்குள் ரத்தம் பாய்கிறது. மண்டை விரியாது, ஆகவே நீர் கீழே தண்டுவடம் பக்கம் தள்ளப்படுகிறது, அடுத்த நொடியில் திரும்பி வருகிறது. சுரப்பை வகுத்துப் பார்த்தால் ஒரு துடிப்புக்கு நிகரமாக நகரவேண்டியது ஏறத்தாழ 5 மைக்ரோலிட்டர். முன்னும் பின்னும் ஆடுவது அதைப்போலப் பல மடங்கு. மூன்றாவது சுற்றோட்டம் சுற்றுவதைவிட ஆடுவதிலேயே மும்முரமாக இருந்திருக்கிறது.

இத்தோடு முடிந்ததா? 2015-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நாடிக்குக் காத்திராமல் அந்தந்தக் கணமே படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. முறையில் பார்த்தார்கள். மூளைநீரைப் பெரிதாக நகர்த்துவது இதயம்கூட இல்லை, ஆழ இழுக்கும் மூச்சு. முப்பது வருஷமாக ஏன் தெரியவில்லை? நாடித்துடிப்பின் கணக்கில் படங்களை அடுக்கியதில் மூச்சின் பங்கு சராசரியில் கரைந்துபோயிருந்தது. தலையை வெட்டிவிட்டு வெற்றிடம் என்றவர்களின் வாரிசுகள் நாமும்தான், கொஞ்சம் நாகரிகமாக. (யோகா வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியைக் கத்தரித்துக் கட்டணம் ஏற்றவேண்டாம்.)

இந்தத் தகராறெல்லாம் கட்டி வார்டில் செல்லாது. அங்கே கேட்பது டேண்டியின் கேள்வி. கால்வாயை நெரிக்கும் கட்டிக்கு மூன்றாவது அறையின் தரையில் துளைபோட்டாயிற்று, ஆறு மாதம் கழித்துத் தலைவலி. துளை திறந்திருக்கிறதா, தழும்பு மூடிவிட்டதா? பக்கவாட்டுப் படத்தில் தரையைக் கிழித்துக்கொண்டு கருப்பாக ஒரு பீச்சல் தெரிந்தால், சினிமாவில் அங்கே வெள்ளையும் கருப்பும் மாறி மாறி மின்னினால், வழி திறந்திருக்கிறது, வேறு காரணம் தேடலாம். ஒன்றுமே ஆடவில்லை என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குத் தகவல் போகும். அறை சுருங்கியதா என்று மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது என்பது அனுபவஸ்தர்கள் சொல்வது, ஏனென்றால் துளை நன்றாக வேலை செய்தாலும் அறை பழைய அளவுக்கு மெதுவாகத்தான் வரும், சிலருக்கு வராமலே இருக்கும். எந்த இடத்திலும் அடைப்பே இல்லாமல், செவி நரம்புக் கட்டியிலிருந்து கசியும் புரதம் வடிகாலைக் கெடுத்து நீர் தேங்குவதும் உண்டு. சினிமா அங்கே வழி திறந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லும், நோயாளி வாந்தி எடுப்பார். புற்று மூளையுறைகளில் பரவியவருக்கு மருந்தை மூளைநீரிலேயே செலுத்தும்போது, அது எல்லா மூலைக்கும் போகுமா என்று பார்க்க இன்னமும் கதிரியக்க மருந்து ஏற்றும் பழைய ஸ்கேன்தான் பல இடங்களில் சாட்சி.

துளை பலிக்காதவர்களுக்கு ஷன்ட் குழாய். தலையிலிருந்து வயிற்றுக்கு நீரை இறக்கும் குழாய், நடுவில் ஒரு வால்வு. வால்வு செய்தவர்களின் பட்டியலில் ஒரு கதாசிரியரும் உண்டு. சாக்லேட் தொழிற்சாலை பற்றிக் குழந்தைகளுக்குக் கதை எழுதிய ரோல்டு டால், 1960-இல் நியூயார்க்கில் டாக்ஸி மோதித் தன் கைக்குழந்தைக்குத் தலையில் நீர் சேர்ந்து, வைத்த வால்வு அடைத்துக்கொண்டே இருக்க, பொம்மை விமான இன்ஜின்களுக்குக் குட்டிப் பம்ப் செய்துகொண்டிருந்த ஸ்டான்லி வேடையும் மூளை அறுவை மருத்துவர் கென்னத் டில்லையும் சேர்த்துப் புது வால்வே செய்யவைத்தார். இன்றைய வால்வுகள் இன்னும் சாமர்த்தியம். எவ்வளவு அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பதைத் தோலுக்கு மேலிருந்தே மாற்றலாம்.

எதை வைத்து மாற்றுவார்கள் என்று கேட்கிறீர்களா? காந்தத்தை வைத்து. ஆகவே ஷன்ட் வைத்த கட்டி நோயாளியை, நீர் சரியாகப் போகிறதா என்று பார்க்க உலகிலேயே சாமானிய மனிதர் நுழையக்கூடிய மிகப்பெரிய காந்தங்களில் ஒன்றுக்குள் அனுப்பினால், சில ரக வால்வுகளின் திருகு உள்ளேயே தானாகத் திரும்பிவிடும். படம் எடுத்த நேரத்து ஓட்டம் ஒன்று, வீட்டுக்குப் போகும் ஓட்டம் வேறொன்று. காந்தத்துக்கு மசியாத புது ரகங்கள் வந்துவிட்டன. பழைய ரகம் வைத்திருப்பவருக்கு மட்டும், கோடி ரூபாய் ஸ்கேன் முடிந்ததும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் பக்கத்து அறைக்கு அனுப்புவார்கள், வால்வு எந்த எண்ணில் நிற்கிறது என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வரச்சொல்லி.